கடித்தது எது, கொட்டியது எது?

மருத்துவரிடம் போகிறோம். சிவந்து வீங்கிய கையை நீட்டுகிறோம். "என்ன ஆயிற்று?" என்று அவர் கேட்கிறார். "என்னமோ கடித்துவிட்டது டாக்டர்" என்கிறோம். இந்த "என்னமோ" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? வீக்கத்திற்கு ஒரு மாத்திரை, அரிப்புக்கு ஒரு களிம்பு கொடுத்து அனுப்புவார். பெரும்பாலும் அதுவே போதும். போதாத வேளைகளும் உண்டு. அவ்வேளைகளில், கடித்த பூச்சியின் பெயரோ, நிறமோ, அது உட்கார்ந்திருந்த விதமோ தெரிந்திருந்தால் நோய்க்குரிய மருந்து அன்றே கிடைக்கும்; தெரியாவிட்டால் ஒரு வாரம் வீணாகும். மனிதராவது "என்னமோ" என்று சொல்கிறோம். கொட்டகையில் கட்டிக் கிடக்கும் மாடும், வாசலில் படுத்திருக்கும் நாயும் அதையும் சொல்லமாட்டா.

ஆகவே, நம்மையும் நாம் வளர்க்கும் பிராணிகளையும் துன்புறுத்தும் பூச்சிகளை எப்படி அடையாளம் காண்பது என்பதே இன்றைய பேச்சு. எல்லாப் பூச்சிகளையும் ஒரே உரையில் சொல்லி முடிக்க இயலாது. தெரிந்துகொண்டால் பயனும், தெரியாவிட்டால் இழப்பும் மிகுதியாக உள்ள சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நம் தமிழ்மொழியே ஒரு பாடம் சொல்லித் தருகிறது. கொசு கடிக்கும் என்போம்; உண்ணி கடிக்கும், மூட்டைப்பூச்சி கடிக்கும் என்போம். தேனீ, குளவி, தேள் ஆகியவற்றைச் சொல்லும்போது கொட்டும் என்போம். பேச்சில் சிலர் "தேள் கடித்தது" என்று சொன்னாலும், சொல்லின் பொருள் தெளிவானது. கடிப்பது வாயால், கொட்டுவது வால்முனையில் உள்ள கொடுக்கால். இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. வாயால் கடிப்பவற்றுள் பெரும்பாலானவை நம் இரத்தத்தைத் தேடி வருகின்றன. அவற்றின் கடி சிறிது. அவை விட்டுச் செல்லும் கிருமிதான் பெரிது. அதன் விளைவு பல நாள் கழித்தே தெரியும். கொடுக்கால் கொட்டுபவற்றுக்கோ நம்மிடம் ஒரு வேலையும் இல்லை. தம் கூட்டையும் உயிரையும் காக்கவே கொட்டுகின்றன. அவற்றின் நஞ்சு உடனே வேலை செய்கிறது. கடித்தது என்றால் நாள்களை எண்ணிக் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கவேண்டும். கொட்டியது என்றால் நிமிடங்களை எண்ணி மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இந்த விதிக்கு விலக்கும் உண்டு. பூரான் கடிக்கிறது என்கிறோம், நஞ்சும் ஏறுகிறது. உண்மையில் அதன் தலைக்குக் கீழே உள்ள முதற்சோடிக் கால்களே நஞ்சுள்ள கூர்நகங்களாக மாறியிருக்கின்றன. மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செவ்வெறும்பு, அதாவது மலாய்க்காரர் கெரெங்கா என்று சொல்லும் எறும்பு, வாயால் கடித்துவிட்டு, அந்தக் காயத்தின் மேலேயே வாலிலிருந்து அமிலத்தைப் பீச்சுகிறது. கடிக்காமலும் கொட்டாமலும் தோலைப் பொசுக்கிவிடும் பூச்சி ஒன்றும் நம் நாட்டில் இருக்கிறது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

கொசுவிலிருந்து தொடங்குவோம். "கொசுவில் என்ன ஐயா அடையாளம், கொசு கொசுதானே?" என்று கேட்கலாம். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவைச் சற்று நின்று பாருங்கள். உடலைச் சுவருக்கு இணையாக வைத்துக்கொண்டு, கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தால் அது ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ் வகை. தலையைச் சுவரில் பதித்து, வாலைத் தூக்கி, ஆணி அடித்தாற்போலச் சாய்ந்து நின்றால் அது அனோபிலிஸ். மலேரியாவைப் பரப்பும் இனம் அதுவே. நீரில் நெளியும் கொசுப்புழுவும் இதே உண்மையைச் சொல்லும். அனோபிலிஸ் புழு நீரின் மேற்பரப்பில் படுத்துக் கிடக்கும். மற்ற இரண்டும் தலைகீழாகத் தொங்கும்.

டிங்கிக் காய்ச்சலைத் தரும் ஏடிஸ் கொசுவை நிறத்தாலேயே அறியலாம். கரிய உடல், கால்களில் வெள்ளை வளையங்கள். முதுகில் யாழ் போல வளைந்த வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது வீட்டோடு வாழும் ஏடிஸ் எஜிப்தி. நடுமுதுகில் ஒரே ஒரு நேர்க்கோடு இருந்தால் அது தோட்டத்திலும் புதரிலும் வாழும் ஏடிஸ் அல்போபிக்டஸ். இரண்டும் பகலில் கடிப்பவை. விடிந்த பின்னரும், பொழுது சாயும் முன்னரும் மிகுதியாகக் கடிக்கும். ஆதலால் இரவில் கொசுவலை கட்டிக்கொண்டு "நான் பத்திரமாக இருக்கிறேன்" என்று நினைப்பது டிங்கிக்குப் போதாது. சாக்கடை நாற்றத்தோடு இவற்றைச் சேர்த்துப் பேசுவதும் சரியன்று. ஏடிஸ் விரும்புவது பூச்சாடித் தட்டிலும், பழைய டயரிலும், கூரைத் தாழ்வாரத்திலும் தேங்கும் தெளிந்த நீரையே. நீர் வற்றினாலும் அதன் முட்டை பல மாதம் உலர்ந்தபடியே உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எனவே பாத்திரத்திலுள்ள நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

சிங்கப்பூர் நேயர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அங்கே 2016ஆம் ஆண்டு முதல் வொல்பாக்கியா என்ற நுண்ணுயிர் ஏற்றிய ஆண் ஏடிஸ் கொசுக்களைச் சில வட்டாரங்களில் விட்டு வருகிறார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை. ஆண் கொசு கடிக்காது. ஆகவே அடுக்குமாடி நடைபாதையில் கொசுக்கூட்டத்தைக் கண்டவுடன் கலங்க வேண்டியதில்லை.

எந்தக் கொசு என்று பிரித்தறிவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்த நாட்டின் வரலாறே காட்டுகிறது. 1901ஆம் ஆண்டில் கிள்ளானிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியா தலைவிரித்தாடியது. டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் காட்டை வெட்டி, சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. அதே முறையை மலைப்பாங்கான ரப்பர்த் தோட்டங்களிலும் செய்து பார்த்தபோது என்ன நேர்ந்தது? காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது! காரணம், தாழ்நிலத்தில் நோயைப் பரப்பிய அனோபிலிஸ் நிழலான சதுப்பு நீரை நாடுவது; மலையில் பரப்பியதோ வெயில் படும் தெளிந்த ஓடையை நாடும் வேறோர் அனோபிலிஸ். மரத்தை வெட்டியபோது முன்னதன் வீட்டை அழித்தார்கள். பின்னதற்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். பிறகு ஓடை நீரை நிலத்தடிக் குழாயில் விட்டும், நீரின் மேல் எண்ணெய் தெளித்தும்தான் கட்டுப்படுத்தினர். இடையில் மாண்டவர்களுள் பால்மரம் வெட்டவும் காடு அழிக்கவும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கல்லறைகூட எழும்பவில்லை.

இந்த வரலாறு முடிந்துபோனதும் அன்று. 2018ஆம் ஆண்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா மலேசியாவில் உள்நாட்டில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா வேறு. சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பலருக்கு அது இருப்பதை 2004ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். காட்டோரத்தில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் வந்தால், "நான் காட்டுப் பக்கம் போய்வந்தேன், அங்கே குரங்குகள் உண்டு" என்று மருத்துவரிடம் தாமாகவே சொல்லவேண்டும். அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

கொசுவைத் தப்பாகக் குற்றம் சாட்டிய கதையும் ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. பன்றிகளோடு தொடர்புள்ள மூளைக்காய்ச்சல் என்றதும், கியூலெக்ஸ் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கூர்ந்து பார்த்தவர்களுக்குச் சில செய்திகள் பொருந்தாமல் உறுத்தின. கொசு பெரியவர், சிறியவர் என்று பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் இந்நோய் பெரும்பாலும் பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்களையே தாக்கியது. தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் விழுந்தனர். பன்றிகளும் இருமி இருமிச் செத்தன. 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அது புதிய வைரஸ் என்று கண்டுபிடித்தனர். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் எனப்படுகிறது. பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதருக்கும் வந்த நோய் அது. மலேசியாவில் 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேருக்குக் கண்டு, ஒருவர் இறந்தார். பூச்சியை அடையாளம் காண்பது என்றால், "இதில் பூச்சிக்குப் பங்கே இல்லை" என்று அடையாளம் காண்பதும் அதில் அடங்கும்.

இனி, கடியும் கொட்டும் இல்லாத அந்தப் பூச்சிக்கு வருகிறேன். இரவில் விளக்கடியில் உட்கார்ந்து பிள்ளை பாடம் படிக்கிறது. மறுநாள் மாலை கழுத்தில் சாட்டையால் அடித்தாற்போல ஒரு சிவந்த கோடு, எரிச்சல், அடுத்த நாள் அதன்மேல் சிறுசிறு கொப்புளங்கள். பாட்டி பார்த்துவிட்டு "இது அக்கி" என்கிறாள். மலாய்க்கார அண்டை வீட்டாரும் ஏறக்குறைய அதையே சொல்கிறார்கள். அவர்கள் இதைச் செய்யும் பூச்சிக்கு வைத்த பெயர் செமுட் காயாப், அதாவது அக்கி எறும்பு. சிலர் சார்லி பூச்சி என்கிறார்கள். பெயர்தான் எறும்பு, அது வண்டு இனத்தைச் சேர்ந்தது.

அதன் தோற்றத்தை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் மறக்காது. நீளம் ஏறத்தாழ 7 முதல் 10 மில்லிமீட்டர், ஓர் அரிசியைவிடச் சற்று நீளம். தலை கறுப்பு, கழுத்துப்பகுதி ஆரஞ்சு, நடுவில் பளபளக்கும் நீலப்பச்சை நிறத்தில் கட்டைச் சிறகு, அதற்குப் பின் மீண்டும் ஆரஞ்சு, வால்நுனி கறுப்பு. எறும்பைப்போல் விரைந்து ஓடும். தொட்டால் தேளைப்போல் வாலைத் தூக்கும். தூக்குகிறதே தவிர, அதற்குக் கொடுக்கு இல்லை. அதன் உடலுக்குள் ஓடும் நீரில் பெடெரின் என்ற நச்சு இருக்கிறது. அந்த நச்சையும் அந்த வண்டு தானாக உண்டாக்குவதில்லை. அதனுள் குடியிருக்கும் பாக்டீரியா உண்டாக்குகிறது. கழுத்தில் ஊர்கிறதே என்று நாம் கையால் அறைந்து தேய்க்கிறோம். அந்த நீர் தோலில் கோடாகப் படிகிறது. ஆக, பூச்சி நமக்கு ஒன்றும் செய்யவில்லை. நம் கையே அதைக் கொண்டு நமக்குச் சூடு போடுகிறது.

உண்மையான அக்கியிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? அக்கி, சின்னம்மை வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து பிறகு விழிப்பதால் வருவது. உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரு நரம்பின் வழியே பட்டையாகப் படரும்; கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாள் முன்பே அவ்விடத்தில் குத்தலும் வலியும் இருக்கும். பூச்சியால் வந்த புண் முன்னறிவிப்பு இன்றி, ஒரு நாளில், ஆடை மூடாத முகம், கழுத்து, கை ஆகிய இடங்களில் வரும். முழங்கையை மடக்கும் இடத்தில் பட்டிருந்தால் மேலொன்றும் கீழொன்றுமாக, கண்ணாடியில் பார்த்ததுபோல் இரண்டு புண்கள் இருக்கும். இதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

அக்கி என்று எண்ணிக் காவிக் குழம்பால் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. குயவர் கையால் எழுதினால் குணமாகும் என்பது நம்பிக்கை. பூச்சிப்புண் எப்படியும் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். ஆறிய புகழ் காவிக்குப் போய்விடும். அதனால் கேடில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் உண்மையான அக்கிக்குக் கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்குவது நல்லது. கண்ணை ஒட்டி வந்த அக்கி பார்வையையே கெடுக்கக்கூடும். அங்கே காவி எழுதிக் காத்திருப்பது ஆபத்து.

இந்த வண்டைக் கண்டால் நசுக்காதீர்கள். வாயால் ஊதி விடுங்கள், அல்லது ஒரு தாளில் ஏறவிட்டு அப்புறப்படுத்துங்கள். தேய்த்துவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழுவாத கையால் கண்ணைத் தொடவேண்டாம். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். வயல்களுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் அருகே கட்டிய அடுக்குமாடிகளிலும் மாணவர் விடுதிகளிலும் இது விளக்கொளிக்குக் கூட்டமாக வரும். சன்னலில் வலை அடிப்பதும், வேண்டாத விளக்கை அணைப்பதும் மருந்து தெளிப்பதைவிட நல்ல பலன் தரும். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: நெல்லை அழிக்கும் தத்துப்பூச்சிகளை இது தின்கிறது. வயலில் இது உழவனின் தோழன்.

அடுத்தது, கடித்ததே தெரியாமல் கடிக்கும் ஒன்று. லாலாங் புல்லும் புதரும் மண்டிய இடங்களில், எலிகளை அண்டி வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு, ஊசிமுனையளவே இருக்கும். புல்வெட்டுபவர், செம்பனைத் தோட்டத் தொழிலாளர், முகாமடிக்கும் மாணவர் ஆகியோரின் உடம்பில் ஏறி, இடுப்புப் பட்டை, அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் ஒட்டும். வலியில்லை, பலருக்கு அரிப்பும் இல்லை. ஏறத்தாழ பத்து நாள் கழித்துக் கடுங்காய்ச்சலும் தலைவலியும் வரும். டிங்கியோ, டைபாய்டோ என்று மருத்துவர் தேடுவார். அந்நேரத்தில் விடையைச் சொல்லுவது, கடித்த இடத்தில் இருக்கும் ஒரு கரும்பொருக்கு. சிகரெட்டால் சுட்டது போன்று வட்டமாக, நடுவில் கறுத்து, ஓரம் சிவந்து இருக்கும். வலிக்காததால் நோயாளிக்கே அது தெரியாது. வெட்கத்தால் காட்டாமலும் இருந்துவிடுவார். புதர்ப்பக்கம் போய்வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், வீட்டார் உடம்பு முழுவதையும் பார்த்து, பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். இதுவே புதர் டைபஸ்.

இந்த நோயைப் பிரித்தறிந்ததில் கோலாலம்பூருக்குப் பெரும் பங்கு உண்டு. 1920களில் அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் ஃபிளெட்சர் முதலானோர், கடைத்தெருக்களில் காணும் டைபஸும் புதரில் காணும் டைபஸும் வெவ்வேறு என்று காட்டினர். முன்னது எலியின் தெள்ளுப்பூச்சியால் வருவது. பின்னது சிற்றுண்ணியால் வருவது. 1948ஆம் ஆண்டில் குளோரோமைசெட்டின் என்ற மருந்தை அங்கேதான் இந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. இன்று டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மாத்திரை கொடுக்கிறார்கள். மருந்து இருக்கிறது, அடையாளம் தெரிந்தால் பிழைத்தோம்.

மாடு வளர்க்கும் தாய்மார்களே, இனி உங்களுக்கு. மாட்டை எது கடிக்கிறது என்பதை மாடே உடம்பால் சொல்கிறது. மாடு ஓயாமல் காலை உதைத்துக்கொண்டு நின்றால், கால்களைப் பாருங்கள். வீட்டு ஈயைப் போலவே இருக்கும், ஆனால் வாய்க்கு முன்னால் ஊசிபோல் நீட்டிய குழல் இருக்கும். அது கொட்டில் ஈ. வீட்டு ஈ கடிக்காது. "ஈ கடித்தது" என்றால் அது இதுவாகத்தான் இருக்கும். அழுகிய வைக்கோலும் சாணமும் கலந்த குப்பையில் இது பெருகும். முதுகிலும் தோளிலும் சிறிய ஈக்கள் கூட்டமாக அப்பியிருந்து, வாலால் அடித்தால் எழுந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தால் அது எருமை ஈ. முட்டையிட மட்டும் மாட்டைவிட்டு இறங்கிப் புதுச்சாணத்துக்குப் போகும். சாணத்தை அன்றன்றே வாரிப் பரப்பிக் காயவிட்டாலே பாதி ஒழியும். மாடு திடீரென்று மிரண்டு ஓடினால், கட்டைவிரல் நகமளவு பெரிய கண்ணுள்ள மாட்டீ வந்திருக்கும். மலாயில் பிக்காட் என்பார்கள். அதன் வாய் கத்தரிபோல் வெட்டும். காயத்திலிருந்து இரத்தம் வழியும். மாட்டுக்கு மாடு பறந்து கடிப்பதால் சர்ரா என்ற நோயைப் பரப்பும். தீனி தின்றும் மாடு நாளுக்கு நாள் இளைத்து, விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்தால் அதை நினைக்கவேண்டும்.

தூணில் உராய்ந்துகொண்டே இருந்தால் உண்ணியைத் தேடுங்கள். கண்ணால் தேடுவதைவிட விரலால் தடவித் தேடுவது நல்லது: காதடி, கழுத்துத் தொங்குசதை, மடி, வாலடி. இளம் உண்ணி எள்ளளவு. இரத்தம் குடித்த பெண்ணுண்ணி ஆமணக்கு விதையளவு. மாட்டுண்ணி ஏறத்தாழ மூன்று வாரம் ஒரே மாட்டில் வளர்ந்து, கீழே விழுந்து, 2,000க்கு மேல் முட்டையிடும். ஆதலால் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது மருந்திட்டு, விழுவதற்குள் கொல்லவேண்டும். மாட்டின் சிறுநீர் தேநீர் நிறத்திலோ செந்நிறத்திலோ போனால், ஈறும் கண்ணின் உட்புறமும் வெளுத்திருந்தால், அது உண்ணிக் காய்ச்சல். கைவைத்தியம் பார்க்க அப்போது நேரமில்லை. கால்நடை மருத்துவ இலாகாவுக்கு அன்றே சொல்லியனுப்புங்கள். ஒரு கறவைமாடு போனால் ஒரு குடும்பத்தின் வருமானம் போகிறது. உண்ணிக்குக் கழிவு எண்ணெயைப் பூசுவோர் உண்டு. அது மாட்டின் தோலைக் கெடுக்கும். மருந்து தெளித்தபின் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாயுண்ணியின் போக்கு வேறு. அது ஒவ்வொரு பருவத்திலும் நாயைவிட்டு இறங்கிச் சுவர்வெடிப்பில் ஒளிந்துகொள்ளும். நாயைக் குளிப்பாட்டி ஓயாமல் உண்ணி பொறுக்கியும் தீரவில்லையே என்பவர்கள், நாயை விட்டுச் சுவரைப் பார்க்கவேண்டும். மனிதர் மேல் உண்ணி ஒட்டினால், நெருப்பால் சுடுவதோ மண்ணெண்ணெய் தடவுவதோ வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் இரண்டைப் பற்றி ஓரிரு வாக்கியம். காலையில் எழும்போது வரிசையாக மூன்று நான்கு தடிப்புகள் இருந்து, மெத்தையின் தையலோரத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் தாங்கமுடியாத அரிப்பு இருந்து, வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் அது பூச்சிக்கடியன்று, சொறிசிரங்கு. அதற்கு வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். ஒருவர் விட்டாலும் திரும்ப வரும்.

கடைசியாக, கொட்டுபவை. தேளைப் பற்றி நம் முதியவர்களுக்குள்ள அச்சம் தமிழகத்திலிருந்து வந்தது. அங்கேயுள்ள செந்தேள் இருதயத்தைத் தாக்கிக் குழந்தைகளைக் கொல்லக்கூடியது. அது இந்நாட்டில் இல்லை. இங்கே காட்டோரத்தில் காணும் பெரிய கருந்தேள், நாம் நட்டுவாக்காலி என்பது, பார்க்கப் பயங்கரம், கொட்டினால் கடும்வலி, உயிருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை.

அஞ்சவேண்டியது குளவிக்கு. கரிய உடலும், வயிற்றின் முற்பகுதியில் அகன்ற மஞ்சள் பட்டையும் கொண்ட பெருங்குளவியை மலாயில் தெபுவான் என்பார்கள். காகிதம் போன்ற பொருளால் பானை வடிவில், மரத்திலும் கூரை விளிம்பிலும் கூடு கட்டும். தேனீ ஒருமுறை கொட்டினால் அதன் முள் நம் தோலிலேயே தங்கிவிடும். குளவி முள்ளை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். தோலில் முள் இருந்தால் தேனீ, இல்லாவிட்டால் குளவி என்று அறியலாம். முள்ளை நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிடுங்கள். எப்படி எடுப்பது என்று யோசிக்கும் நேரத்தில் நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும். தேனீ கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாசம்போல ஒன்று எழும். அது மற்றத் தேனீக்களை அழைக்கும் மணி. ஆகவே நின்று விரட்டாமல், முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓடுங்கள்.

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பயமில்லை. உதடு, நாக்கு வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பது, மூச்சுத் திணறுவது, மயங்குவது ஆகியவை ஒரே கொட்டிலும் ஒவ்வாமை உள்ளவருக்கு வரலாம். அவருக்கு வேண்டியது அட்ரினலின் ஊசி. சுண்ணாம்பும் வெங்காயமும் அல்ல. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பல குளவிகள் கொட்டியவர் அப்போதைக்குத் தெளிவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டுச் சிறுநீர் கறுப்பது அடுத்த ஓரிரு நாளில்தான் தெரியும். கூட்டை நீங்களே பந்தம் கொளுத்தி அழிக்கப் போகாதீர்கள். மலேசியாவில் தீயணைப்புப் படையினரும் பொதுத் தற்காப்புப் படையினரும் இரவில் உரிய உடையோடு வந்து அகற்றித் தருகிறார்கள்.

கடித்ததையோ கொட்டியதையோ பிடிக்க முடிந்தால், அல்லது அடித்துப் போட்டிருந்தால், அதை எறிந்துவிடாமல் ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். உண்ணி போன்ற சிறியதாக இருந்தால் ஒட்டுத்தாளில் ஒட்டித் தேதியை எழுதி வையுங்கள். உயிரோடு பிடிக்க மெனக்கெட்டு இரண்டாம் முறை கொட்டு வாங்க வேண்டாம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்தாலும் போதும். மருத்துவர் "என்ன கடித்தது?" என்று கேட்கும்போது அதை எடுத்து மேசைமேல் வையுங்கள்.